நோயாளியின் அறைக்கு முதல் வயர்

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஐந்தைச் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். ஐந்துமே வீட்டில் நோயோடு இருக்கும் ஒருவரைப் பற்றியவை. சோலர் கட்டணம், மின் அடுப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் காத்திருக்க முடியாதவர்கள்.

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு நீண்டகால நுரையீரல் நோய். ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணிநேரம் ஒட்சிசன் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறோம். அப்பாவின் அறையில் பிளக் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பல்முனை பிளக் போட்டு மின்விசிறி, போன் சார்ஜர், இயந்திரம் மூன்றையும் கொடுத்திருக்கிறோம். வயரிங் தாத்தா காலத்தது. என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், அந்தப் பல்முனை பிளக்கை இன்றைக்கே கழற்றுங்கள். இயந்திரத்தை நிறுத்திக் கழற்றியதும் அதன் பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். முள் நுழையும் துளையைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகவோ கபிலமாகவோ மாறியிருந்தால், அங்கே ஏற்கெனவே சூடு பிடித்திருக்கிறது. சுவரில் உள்ள பிளக்கின் முகமும் அப்படி இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

உங்கள் இயந்திரம் இழுக்கும் மின்சாரம் பெரிதல்ல. 5 லீற்றர் இயந்திரங்கள் ஏறத்தாழ 300 முதல் 350 வாட் எடுக்கும். நம் 230 வோல்ட்டில் அது ஒன்றரை அம்பியர். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் அதைவிட ஐந்தாறு மடங்கு எடுக்கும். ஆனால் கேத்தல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். இந்த இயந்திரமோ விடிய விடிய ஓடும். ஒரு முள் தளர்ந்திருந்தால் அந்த ஒரு புள்ளி இரவு முழுவதும் சூடேறிக்கொண்டே இருக்கும். அதுவும் உங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிறது. உப்புக்காற்றில் பிளக்கின் உள்ளே பித்தளை பச்சை பூத்துப் போவதை எழுவான்கரை முழுவதும் பார்த்திருக்கிறேன். வெளியே பளிச்சென்று இருக்கும் பிளக், திறந்தால் உள்ளே களிம்பு.

எனவே அப்பாவின் அறைக்கு மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். கடையில் 7/0.67 என்று கேட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் தருவார்கள். கூடவே எர்த் வயரும் போக வேண்டும். அறையில் 13 அம்பியர் சதுரமுள் பிளக் இரண்டு, கட்டில் தலைமாட்டுக்கு எட்டும் உயரத்தில். ஒன்று ஒட்சிசன் இயந்திரத்துக்கு, மற்றது மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் இருந்தால் அதற்கு. வேறு எதுவும் அந்த லைனில் தொங்கக் கூடாது. அறையின் விளக்கும் மின்விசிறியும் பழைய லைனிலேயே இருக்கட்டும். இயந்திரத்தின் லைனில் பிழை வந்தாலும் அறை இருளாமல் இருக்கும். நீங்கள் வெளிச்சத்தில் நின்று அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இப்போது ட்ரிப் சுவிட்ச். நம் வீடுகளில் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான். சமையலறையில் மின்னழுத்தியில் கசிவு வந்தாலும், கிணற்றடியில் நீர்ப்பம்பி நனைந்தாலும், அது வீடு முழுவதையும் அணைத்துவிடும். செட்டிபாளையத்தில் ஒரு வீட்டுக்கு என்னை அழைத்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அடிக்கடி ட்ரிப் விழுகிறது, அம்மாவின் ஒட்சிசன் நிற்கிறது, காரணம் தெரியவில்லை என்றார்கள். தேடிப் பார்த்தால் முற்றத்து மாமரத்தில் கட்டியிருந்த விளக்கு. இரவில் பனி இறங்க இறங்க அந்த ஹோல்டரில் ஈரம் கோத்துக் கசிந்திருக்கிறது. மரத்தடி விளக்குக்கும் அம்மாவின் மூச்சுக்கும் ஒரே சுவிட்ச்! அந்த வீட்டு வயரிங்கில் சட்டப்படி பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை வயரிங் செய்தவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. மெயின் சுவிட்சுக்குப் பின்னால், பொது ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால், நோயாளியின் லைனைப் பிரித்தெடுத்து அதற்கு ஆர்.சி.பி.ஓ. என்ற சாதனத்தைப் போடச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்ச், பிரேக்கர் இரண்டின் வேலையையும் அது ஒன்றே செய்யும். 30 மில்லி அம்பியர், ‘ஏ’ வகை, நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இருமுனை. அந்த லைனின் நியூட்ரல் வேறு எந்த லைனோடும் கலக்கக் கூடாது. கலந்தால் காரணமே இல்லாமல் விழுந்துகொண்டிருக்கும். பொது ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே இன்னொரு 30 மில்லி அம்பியரைப் போட்டுவிட்டு “தனியாகப் போட்டாயிற்று” என்று சொல்கிறவர்களும் உண்டு. அதில் பயனில்லை. மேலே உள்ளது விழுந்தால் கீழே உள்ளதுக்கும் மின்சாரம் இல்லை.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். இயந்திரம் நிற்கக் கூடாது என்ற பதற்றத்தில் ட்ரிப் சுவிட்சே இல்லாமல் நேரடியாக வயர் கொடுக்கச் சொல்லாதீர்கள். அப்படிக் கொடுக்கிற வேலைக்காரரை வீட்டுக்குள் விடாதீர்கள். வியர்த்த உடம்போடு, எழுந்து விலக வலுவில்லாமல் கிடக்கும் ஒருவரின் கட்டிலருகில் அது கொலைக்குச் சமம்.

கசிவை யாரும் தொடுவதற்கு முன்பே ட்ரிப் சுவிட்ச் விழ எர்த் வேண்டும். வீட்டுக்கு மின்சார சபை தருவது இரண்டு வயர்கள்தான். எர்த் நம் வளவில் நாம் புதைக்கும் கம்பி. கரையோர மணலில் மேல்மண் ஆடி, ஆவணியில் பொரிந்துபோய்க் கிடக்கும். அந்த மணலுக்குள் குட்டைக் கம்பி ஒன்றை இறக்கினால் அது பெயருக்குத்தான் எர்த். ஈர மண்ணைத் தொடும்வரை கம்பி இறங்க வேண்டும். ஒன்றோடொன்று பொருத்தி நீட்டக்கூடிய செம்புப்பூச்சுக் கம்பிகள் கிடைக்கின்றன. புதைத்தபின் எர்த் மீற்றரால் அளக்கச் சொல்லி, எண்ணை எழுதி வாங்குங்கள். 200 ஓமுக்கு மேல் போனால் அதை நம்ப முடியாது. குறையக் குறைய நல்லது. அளப்பதைக் கோடையில் செய்யுங்கள். மாரியில் அளந்தால் எந்தக் கம்பியும் நல்ல கம்பிதான். கம்பியில் வயரை இறுக்கும் கிளாம்ப் உப்பில் அரிக்கும். அதை மண்ணுக்குள் மூடிவிடாமல், திறந்து பார்க்கக்கூடிய ஒரு சிறிய குழிக்குள் வையுங்கள்.

சித்திரை மாத இடியும், மாரிக்கு முந்திய ஐப்பசி இடியும் நமக்குத் தெரியும். போர்டில் இடியால் பாயும் அதிக வோல்ட்டைத் தடுக்கும் சாதனம் (எஸ்.பி.டி.) ஒன்று இருந்தால் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை தப்பும். எர்த் சரியில்லாத வீட்டில் அதுவும் வீண்தான்.

இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சுற்றிலும் ஓர் அடி இடைவெளி வேண்டும், திரைச்சீலை அதன் மேல் படக் கூடாது. சாமி விளக்கு, ஊதுபத்தி, நுளம்புத்திரி, சுருட்டு எதுவும் அந்த அறையில் வேண்டாம். மின்சாரம் போனால் மெழுகுதிரியோடு அந்த அறைக்குள் போகாதீர்கள். ஒட்சிசன் ஊறிய போர்வையும் தலையணையும் ஒரு பொறிக்கே பிடித்துக்கொள்ளும். மீள்மின்னேற்றும் டோர்ச் ஒன்றைக் கட்டில் காலில் கட்டி வையுங்கள்.

வேலை முடிந்ததும் நீங்களே ஒன்றைச் சோதிக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். இயந்திரம் கீச்சென்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் அதன் எச்சரிக்கை மணிக்குரிய பற்றரி செத்துவிட்டது. இரவில் மின்சாரம் போவது ஒருவர் காதிலும் விழாது. ஆர்.சி.பி.ஓ.வில் உள்ள ‘T’ (டெஸ்ட்) பொத்தானையும் மாதம் ஒருமுறை, அப்பா இயந்திரத்தில் இல்லாத நேரத்தில் அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

கேள்வி: உம்மாவுக்காகக் கனடாவிலிருந்து மச்சான் ஒரு ஒட்சிசன் இயந்திரமும், தூக்கத்தில் மூச்சு நிற்பதற்குப் போடும் சீ-பாப் இயந்திரமும் அனுப்பியிருக்கிறார். வோல்ட் இறக்கும் டிரான்ஸ்போமர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?
– ஒரு வாசகர், சாய்ந்தமருது

பதில்: தம்பி, இரண்டையும் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். சீ-பாப் இயந்திரத்தின் மின்மாற்றிப் பெட்டியில் பெரும்பாலும் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். அப்படி இருந்தால் டிரான்ஸ்போமர் தேவையில்லை. நம் பிளக்குக்குப் பொருந்தும் நல்ல வயர் ஒன்று போதும்.

ஒட்சிசன் இயந்திரத்தில் 115 அல்லது 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அதை உம்மாவுக்குப் போடாதீர்கள். டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸை, அதாவது மின்சாரம் செக்கனுக்கு எத்தனை தடவை அலையடிக்கிறது என்பதை, மாற்றாது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். உள்ளே இருக்கும் கம்பிரசர் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடேறும், காற்றைக் குறைவாகத் தள்ளும். சத்தம் வழக்கம்போலக் கேட்கும், விளக்கு பச்சையில் எரியலாம், வருகிற ஒட்சிசன் மட்டும் போதாமல் இருக்கலாம். மச்சான் அன்போடு அனுப்பியது என்பது எனக்கும் விளங்குகிறது. வெளிநாட்டு உறவுகள் இதை வாசித்தால், அனுப்புவதற்கு முன் அந்தத் தகட்டைப் படம் எடுத்து இங்கே அனுப்பி விசாரியுங்கள். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் மட்டும் பொதி கட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் மாரியில் மரம் விழுந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மனைவி ஒட்சிசன் இயந்திரத்தில் இருக்கிறார், நிமிடத்துக்கு 2 லீற்றர். கூரையில் சோலர் இருக்கிறது. சின்ன ஜெனரேட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். யூ.பி.எஸ். வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: ஐயா, கூரையில் உள்ள சோலரை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சார சபைக்கு மின்சாரம் விற்கும் சாதாரண இணைப்பு என்றால், ஊர் லைன் நின்றதும் உங்கள் சோலரும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நண்பகல் வெயிலிலும் அது ஒரு விளக்கைக்கூட எரிக்காது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது, நல்ல பகல் வேளையில். தலைக்கு மேல் சோலர் இருந்தும் வீட்டில் மின்சாரம் ஏன் இல்லை என்று அன்றுதான் பலருக்கு விளங்கியது. பற்றரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வேர்ட்டராக (இன்வேர்ட்டர் என்பது பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) மாற்றினால்தான் அந்தச் சோலர் இருளில் உதவும்.

இனி மணிநேரக் கணக்கு. கணினிக்கு விற்கும் சிறிய யூ.பி.எஸ். இந்த இயந்திரத்தைச் சில நிமிடங்கள்தான் இழுக்கும். ஒட்சிசன் சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் தரும், அவ்வளவுதான். 12 வோல்ட், 150 அம்பியர்-மணி ஈயப் பற்றரியோடு ஓர் இன்வேர்ட்டர் என்றால், 12ஐ 150ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. அதில் பாதியைத்தான் எடுக்க வேண்டும். முழுவதும் எடுத்தால் பற்றரி சீக்கிரம் சாகும். இன்வேர்ட்டர் விழுங்குவதையும் கழித்தால் 350 வாட் இயந்திரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம். 51.2 வோல்ட், 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி என்றால் பத்து, பதினொரு மணிநேரம் தாங்கும். விலை தாங்குமா என்பது உங்கள் கையில். எதை வாங்கினாலும் ‘பியூர் சைன் வேவ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சதுர அலை இன்வேர்ட்டர்கள் கம்பிரசரைச் சூடாக்கும்.

என் மனதில் உள்ளதைச் சொன்னால், உங்களைப் போன்றவர்களுக்குப் பற்றரிக்கு முன்னால் சிலிண்டர்தான். 10 லீற்றர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 1500 லீற்றர் ஒட்சிசன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லீற்றர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணிநேரம். அதற்கு வயர் வேண்டாம், பற்றரி வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களைக் கணக்கில் வைத்து இரண்டு சிலிண்டர்கள் வையுங்கள். நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள். ரெகுலேட்டரில் எண்ணெய், கிறீஸ் எதுவும் படக் கூடாது. சிலிண்டரில் எத்தனை லீற்றரில் வைப்பது என்பதை உங்கள் வைத்தியரிடம் எழுதி வாங்கி அதன் கழுத்தில் கட்டி வையுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத வேளையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து விறாந்தையில் வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மூச்சுக்குத் திணறும் ஒருவர் இருக்கும் வீட்டில் அது முதலில் அவரைத்தான் தேடிப் போகும். யன்னல்களிலிருந்து இருபது அடியாவது தள்ளி, தனியாக ஒரு சிறிய கூரை போட்டு அதன் கீழ் வையுங்கள். இரு பக்கமும் முள் உள்ள வயரால் சுவர் பிளக்கில் மின்சாரத்தைத் திருப்பி ஏற்றுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் ஊர் டிரான்ஸ்போமரில் பின்னோக்கி ஏறி உயர் அழுத்த லைனுக்குப் போகும். விழுந்த மரத்தை வெட்டி உங்களுக்கே மின்சாரம் தர வந்த தொழிலாளி கம்பத்தில் இருப்பார். மாற்றுச் சுவிட்ச் ஒன்றைப் போட்டு, ஒரு நேரத்தில் ஒரு மின்சாரம் மட்டும் உள்ளே வரும்படி செய்யுங்கள்.

வைத்தியரின் கடிதப் பிரதியோடு உங்கள் பகுதி மின்சார சபை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவையுங்கள். மின்சாரம் போகாது என்ற உத்தரவாதத்தை அது தராது. திட்டமிட்ட மின்தடையை முன்கூட்டித் தெரிவிக்கக் கேட்கலாம். முறைப்பாட்டுக்கு 1987, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117. மூன்றையும் சுவரில் எழுதுங்கள். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அப்படியொன்று வரும் என்று வானொலி சொன்னால் பற்றரியை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். காற்று எழும்புவதற்கு முன்பே மனைவியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: மாலையானால் எங்கள் இயந்திரம் சிவப்பு விளக்கைக் காட்டிக் கத்துகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. இயந்திரம் பழுதா?
– ஒரு வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: பெரும்பாலும் வோல்ட் குறைவு. 230 வோல்ட்டில் நூற்றுக்கு ஆறு கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு, ஊரே விளக்கும் நீர்ப்பம்பியும் போடும் நேரத்தில் அதற்கும் கீழே போகும். இரவு ஏழு மணிக்கு ஒருவரைக் கொண்டு அளந்து, சில நாட்கள் நேரத்தோடு எழுதிவைத்து, அந்தத் தாளோடு முறைப்பாடு செய்யுங்கள். எண் இருந்தால் பதில் வரும். அதுவரை இயந்திரத்துக்கு மட்டும் ஒரு தானியங்கி ஸ்டெபிலைசர் போடலாம். வீட்டு பிளக்கில் குறைவாகவும் மின்மானியருகில் சரியாகவும் இருந்தால், பிழை உங்கள் வீட்டு வயரிங்கில்தான்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மாமிக்குச் சளி உறிஞ்சும் இயந்திரமும் காற்று மெத்தையும் இருக்கின்றன. சுவரை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. உங்கள் ஆலோசனைகள் எல்லாம் சொந்த வீட்டுக்காரருக்குத்தானா?
– ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: இல்லை, மகள். சுவரை உடைக்கவே தேவையில்லை. போர்டிலிருந்து கூரையோரமாக வெள்ளைப் பிளாஸ்டிக் கேசிங் பிடித்து அதற்குள் வயரைக் கொண்டுபோகலாம். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு, திருகாணித் துளைகளைப் பூசிவிடலாம். பிளக்கைச் சுவரில் மூன்றரை, நான்கு அடி உயரத்தில் வையுங்கள். மாரி வெள்ளம் உள்ளே வந்தாலும் அந்த உயரம் பெரும்பாலும் காப்பாற்றும், மாமியின் கட்டிலிலிருந்து குனியாமல் எட்டும். தரையில் நீளும் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துவிடுங்கள். உறிஞ்சும் இயந்திரத்தைக் கழுவும் தண்ணீர் சிந்துவது அங்கேதான். காற்று மெத்தைக்கு மின்சாரம் சொற்பம், ஆனால் அது இரவில் நின்றால் மெத்தை மெல்ல மெல்ல இறங்கி மாமியின் முதுகு பலகையில் படும். காலையில்தான் தெரியும். அதையும் அதே லைனில் கொடுங்கள்.

வேலைக்கு வருகிறவரிடம் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல தொழிலாளி பெருமையோடு காட்டுவார். வீட்டுக்காரரிடம் பேசும்போது மாமியின் நிலையை மட்டும் சொல்லாமல், புதிய எர்த் கம்பியும் ட்ரிப் சாதனமும் நீங்கள் போன பிறகும் அவர் வீட்டிலேயே இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வேலை செய்கிறவரை அந்த நேரத்துக்கு வரச்செய்து, போர்டைத் திறந்து வீட்டுக்காரருக்கே காட்டச் சொல்லுங்கள். சம்மதத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.